மும்முறை ஆறாம் இடம்

லண்டன் பிளேஸ்டோ பெண்கள் வலைப்பந்து அணியில் மெற்றில்டா ஏழு வருடமாக ரிசேவ். ஏழு வருடத்தில் ஒரு தடவையாவது இறங்கி விளையாடியிருப்பாள் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனது. ஒரு நிமிடம்கூட அவளை உள்ளே விட்டதில்லை. தோடம்பழம் வெட்டிக் கொடுத்தாள், மற்றவர்களின் கைப்பைகளுக்குக் காவல் இருந்தாள், யாருக்காவது கால் பிரண்டால் ஓடிப்போய் ஐஸ் வைத்தாள். கோடையில் நடக்கும் தமிழர் விளையாட்டு விழாவுக்கு அடிக்கிற நோட்டீசில் ஏழு பேரின் பெயரும் படமும் கலரில் வரும். கீழே பொடி எழுத்தில் ‘மற்றும் ரிசேவ் ஒருவர்’ என்று இருக்கும். அந்த ஒருவர்தான் நாற்பத்தாறு வயது மெற்றில்டா கிறிஸ்துராஜா.

இந்த வருடம் அவள் ஒரு முடிவோடு இருந்தாள். இந்த முறையும் இறக்காவிட்டால் அணியின் ரீசேட்டைத் தோய்த்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவது. கடைசி முயற்சியாகப் புதுச் சப்பாத்தும் வாங்கினாள். பஸ் ஓட்டும் கணவர் கிறிஸ்துராஜா பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“வடிவான சப்பாத்து. ஆனா இருக்கப் போற ஆளுக்கு ஏன் ஓடுற சப்பாத்து? நல்ல குசன் ஒண்டெல்லே வாங்கியிருக்கோணும்.”

“வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ,” என்றாள் மெற்றில்டா. அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

அவளுக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். அங்கே பழுது பார்க்கும் வேலைக்கு ரெனே டிமாயுகா என்றொரு பிலிப்பினோக்காரர் இருந்தார். ஐம்பத்து மூன்று வயது, ஆறடி மூன்றங்குலம். பல்ப் மாற்ற ஏணி தேவைப்படாத ஒரே ஊழியர். வாய் திறந்து பேசுவது குறைவு. மெற்றில்டா வைக்கும் பருப்புக்கறியைச் சோற்றில் குழைத்து உண்டுவிட்டு, “நல்லது, மெற்றி” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார். மனைவி நேர்ஸ் என்பதால் லண்டனுக்கு வந்தவர் என்பதற்குமேல் அவரைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஏப்ரலில் மரிசெல் என்று ஒரு புது நேர்ஸ் வந்து சேர்ந்தாள். முதல் நாளே, குழாய்க்கு அடியில் படுத்திருந்த ரெனேயின் முகத்தைக் கண்டதும் கையிலிருந்த மருந்துத் தட்டைக் கீழே போட்டுவிட்டு வீரிட்டாள். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று மனேஜர் ஓடி வந்தார். அப்படி ஒன்றுமில்லை. மணிலாவில் பதினான்கு வருடம் கூடைப்பந்து ஆடிய நட்சத்திரம் குழாய் திருத்திக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மரிசெல்லின் அப்பா அவருடைய படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தாராம்.

மெற்றில்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பின்னேரமே அணித் தலைவி பிரசாந்தினிக்குப் போன் எடுத்தாள். விழாக் குழுவுக்கும் அவர்தான் தலைவி. ஊரில் மாவட்ட அணிக்கு ஆடியவர் என்பதை அவர் மறந்தாலும் மற்றவர்களை மறக்க விடமாட்டார்.

“அக்கா, இந்த முறை பிரதம விருந்தினர் நான் கொண்டு வாறன். பெரிய ஆள். உலகப் பிரசித்தம்.”

“வருசா வருசம் அதே வக்கீலைக் கூப்பிட்டு எனக்கும் அலுத்துப் போச்சுது. ஆளைக் கேட்டு விபரம் எடுத்து அனுப்பும். நோட்டீசில போடோணும்,” என்றார் பிரசாந்தினி.

அடுத்த நாள் மதியம் மெற்றில்டா கொப்பியும் பேனையுமாக ரெனேக்கு எதிரே உட்கார்ந்தாள். இருவருக்கும் பொது மொழி ஆங்கிலம். அவருடையது மணிலா ஆங்கிலம், அவளுடையது யாழ்ப்பாணத்து ஆங்கிலம். இரண்டும் நடுவழியில் எங்கேயோ சந்தித்துக்கொள்ளும், சில வேளை சந்திக்காமலும் போய்விடும்.

தென்னை மரத்தில் அடித்த இரும்பு வளையத்தில், காலில் ரப்பர்ச் செருப்போடு எறியப் பழகியதாக ரெனே தொடங்கினார். அங்கே அணிகளைக் கம்பனிகள்தான் நடத்துமாம். முதலில் தகரத்தில் மீன் அடைக்கும் ரின்மீன் கம்பனிக்கு ஆடினார், பிறகு பெயின்ற் கம்பனிக்கு, கடைசியில் சவுக்காரக் கம்பனிக்கு. மெற்றில்டா மூன்றையும் எழுதிக்கொண்டாள்.

“எத்தனை வருசம் கப்டன்?”

“ஒருநாளும் இல்லை.”

“சரி. முதல் அஞ்சு பேரில எப்பவும் நீங்கள்தானே?”

“இல்லை. நாலைந்து தடவை, யாருக்காவது காய்ச்சல் வந்தபோது.” ரெனே சிரித்தார். “நான் வாங்கில் இருந்து வருகிற ஆள், மெற்றி.”

பேனை நின்றது. வாங்கில், மைதானத்து ஓரப் பலகையில், இருக்கிற ஆள். அப்படியென்றால் ரிசேவ்! உலகப் பிரசித்தம் என்று பிரசாந்தினி அக்காவிடம் அளந்துவிட்டதை நினைத்துக்கொண்டு அவள் கொப்பியில் ஒரு பக்கம் புரட்டினாள்.

“அப்ப பதினாலு வருசமும் இருந்து என்ன செய்தனீங்கள்?”

“பார்த்தேன். எவன் கையை ரீசேட்டில் அடிக்கடி துடைக்கிறான், எவன் மூச்சு வாங்குகிறான், எவன் எந்தப் பக்கம் ஏமாறுவான் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இருப்பது ஓய்வு இல்லை. அதுவும் ஒரு வேலை.”

மெற்றில்டா ‘பார்த்தார்’ என்று எழுதினாள். பிரதம விருந்தினருக்கு இதெல்லாம் எடுபடாது என்று உடனே வெட்டிவிட்டாள். “பரிசு ஏதும் வாங்கினனீங்களோ?” என்று பயந்து பயந்து கேட்டாள்.

ரெனேயின் முகம் மலர்ந்தது. “மூன்று தடவை, பெஸ்ட் சிக்ஸ்த் மேன்.”

சிக்ஸ்த் என்றால் ஆறாவது. திறமான ஆட்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள், இவர் ஆறாவதாக வந்திருக்கிறார். மூன்று முறையும் ஆறாவது! ஆறாம் இடத்துக்கும் பரிசு கொடுக்கிற நாடு, நல்ல சனம்தான் என்று அவள் நினைத்தாள். ‘மும்முறை ஆறாம் இடம்’ என்று எழுதிக் கீழே கோடும் போட்டாள்.

பிரசாந்தினி போனில் சிரித்த சிரிப்பு சமையலறை முழுக்கக் கேட்டது.

“ஆறாம் இடமோ! என்ர மகளும் முட்டையும் கரண்டியும் ஓட்டத்தில ஆறாம் இடம் வந்தவள். அவளையே கூப்பிட்டிருக்கலாமே, வேன் செலவும் மிச்சம்.”

“அக்கா, வேற மாதிரி எழுதலாம்...”

“ஏன் வேற மாதிரி? உள்ளதைத்தானே போடோணும்.”

அப்படியே போட்டார். முந்நூறு நோட்டீஸ், கொட்டை எழுத்தில்: ‘பிரதம விருந்தினர்: மும்முறை ஆறாம் இடம் வென்ற கூடைப்பந்து வீரர்.’ பக்கத்து ஃபாரஸ்ட் கேட் கடைகளின் கண்ணாடியில் எல்லாம் அது தொங்கியது. கடையில் நின்றவர்கள் மெற்றில்டாவைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ரெனேயிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள். மனது கேட்கவில்லை. பதினான்கு வருடம் வாங்கில் இருந்த மனிசனை இன்னொரு தடவை வெளியே இருத்துவதற்கு அவளால் ஏலாது. அந்த வாங்கின் சூடு அவளுக்குத் தெரியும்.

விழா நாள் நல்ல வெயில். லண்டனில் அப்படி ஒரு நாள் வாய்ப்பதே பெரிய காரியம். ரெனே வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு வந்தார். பொன்னாடை போர்த்தப் போன பிரசாந்தினிக்கு அவருடைய தோள் எட்டவில்லை. கதிரையில் ஏறி நின்று போர்த்தினார். மெற்றில்டா மைக்கைப் பிடித்து அறிமுக உரையை வாசித்தாள். ‘மும்முறை ஆறாம் இடம்’ என்ற இடத்தில் தமிழ்ச் சனம் கொடுப்புக்குள் சிரித்தது.

மைதானத்தின் பின்பக்கம் ஒரே ஆரவாரம். திரும்பிப் பார்த்தால், மரிசெல் சொல்லி வந்த நாற்பது ஐம்பது பிலிப்பினோக்காரர்கள்! நேர்ஸ்மார், அவர்களுடைய புருசன்மார், பிள்ளைகள், ஒரு பாதிரியார் வேறு. பாதிப் பேர் மஞ்சள் பனியன் போட்டிருந்தார்கள். முன்னால் ரின்மீன் படம், முதுகில் ரெனே ஆடிய பதினாறாம் இலக்கம். மெற்றில்டாவின் தமிழில் அவர்களுக்கு விளங்கியது ‘ரெனே டிமாயுகா’ என்ற பெயர் மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தபடி ரெனேயின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

மெற்றில்டா மரிசெல்லை ஓரமாக இழுத்தாள். “ஆறாம் இடம் வந்தவருக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?”

“ஆறாம் இடமா? யார் சொன்னது?” மரிசெல் திகைத்தாள். “ஆடுவது ஐந்து பேர். சிக்ஸ்த் மேன் என்றால் ஆறாவது ஆள். வாங்கில் இருக்கிறவர்களில் முதல் ஆள். மற்றவர்கள் களைத்துப்போய், தோற்கப் போகிற நேரத்தில் இறக்குவதற்கென்றே கோச் பொத்தி வைத்திருக்கும் ஆள். நாடு முழுவதிலும் அதில் முதல் இடம் இவருக்கு, மூன்று தடவை. கடைசி ஐந்து நிமிடத்தில் பத்தாயிரம் பேர் கத்துவோம், ‘இபாசோக்! இபாசோக்!’ என்று. உள்ளே விடு என்று அர்த்தம். அப்பா தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவார்.”

மெற்றில்டா கையிலிருந்த நோட்டீசைப் பார்த்தாள். நாட்டிலேயே முதல் இடம் வந்தவரை ஆறாம் இடத்தில் போட்டு முந்நூறு கடதாசியில் அடித்து ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது. அதே நேரம், ஏனென்று தெரியாமல், நெஞ்சுக்குள் ஒரு பெரிய சந்தோசமும் வந்து குந்திக்கொண்டது. ரிசேவுக்கும் பரிசு இருக்கிறது! ரிசேவை உள்ளே விடச் சொல்லி ஒரு நாடே கத்தியிருக்கிறது!

நாலு மணிக்கு இறுதி ஆட்டம், பிளேஸ்டோவும் வால்தம்ஸ்டோவும். வால்தம்ஸ்டோவின் கோலைக் காப்பது பெர்னடெற். பனை உயரம், நீண்ட கை, அவளைத் தாண்டிப் பந்து போவது கஷ்டம். மூன்று பகுதி முடிய பதினாலுக்குப் பதினெட்டு, பிளேஸ்டோ பின்னால். கடைசிப் பகுதிக்கு முந்திய இடைவேளையில், கோல் எறிகிற பிரசாந்தினி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. மெற்றில்டா தோடம்பழத்தை நீட்டினாள். புதுச் சப்பாத்தில் ஒரு புல்லுக்கூட ஒட்டவில்லை.

பிரதம விருந்தினரின் கதிரையிலிருந்து, பொன்னாடையோடு ரெனே எழுந்தார். இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

“இபாசோக், மெற்றி!”

மரிசெல் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளோடு மஞ்சள் பனியன்காரர் அத்தனை பேரும் காலால் நிலத்தை உதைத்து, “இபாசோக்! இபாசோக்!” என்றார்கள். அர்த்தம் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. அவர்களும் சேர்ந்தார்கள். அம்மாமாரும் சேர்ந்தார்கள். கிறிஸ்துராஜா தேநீர்ப் போத்தலைத் தட்டித் தாளம் போட்டார்.

“என்னவாம் கத்தீனம்?” என்று பிரசாந்தினி கேட்டார்.

“உள்ளை விடட்டாம், அக்கா,” என்றாள் மெற்றில்டா. “என்னை.”

பிரசாந்தினி அவளைப் பார்த்தார், பெர்னடெற்றைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார். “உம்மால ஏலுமோ?”

“ஏழு வருசமா பெர்னடெற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறன் அக்கா. எறியிற ஆள் முழங்காலை மடிச்ச உடனை அவ குதிச்சுப்போடுவா. ஒருநாளும் காத்திருக்க மாட்டா. வேற வேலை இல்லாமல் அதைத்தான் பார்த்தனான்.”

பிரசாந்தினி தன் நிலை எழுத்துப் போட்ட மேலங்கியைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார்.

முதல் பந்து கைக்கு வந்தது. மெற்றில்டா முழங்காலை மடித்தாள். பெர்னடெற் குதித்தாள். மெற்றில்டா எறியவில்லை. பெர்னடெற் கீழே வந்து சேர்ந்த பிறகு, இன்னொரு தடவை மடித்து, ஆறுதலாக எறிந்தாள். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. அவளுக்கே நம்ப முடியவில்லை. பெர்னடெற்றுக்கு அதைவிட நம்ப முடியவில்லை. மீண்டும் குதித்தாள், மீண்டும் ஏமாந்தாள். மெற்றில்டா எறிந்ததில் இரண்டு வெளியே போனது, ஒன்று நடுவரின் தோளில் பட்டது. ஆனால் ஆறு உள்ளே போனது. கடைசி ஊதல் கேட்டபோது இருபதுக்கு இருபது.

மேலதிக நேரம் ஆடவேண்டும் என்றார் நடுவர். ஆடியிருப்பார்கள். கவுன்சில் ஆள் சாவிக் கொத்தோடு வந்து, ஐந்து மணிக்கு மைதானத்தை விடவேண்டும், இப்போது ஐந்தேகால் என்றார். கோப்பை ஆறு மாதம் வால்தம்ஸ்டோவில், ஆறு மாதம் பிளேஸ்டோவில் என்று முடிவாயிற்று. பெர்னடெற் வந்து மெற்றில்டாவின் காதைச் செல்லமாகத் திருகிவிட்டுப் போனாள்.

“அடுத்த வருசம் நீர் முதல் ஏழு பேரில,” என்றார் பிரசாந்தினி. அது அவருக்குச் சுலபமாக வந்த வார்த்தை அல்ல.

மெற்றில்டா ரெனேயைப் பார்த்தாள். அவர் நோட்டீசைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒளிக்க இடமில்லை. மூன்று முறை ஆறாவதாக வந்தவர் என்று எழுதியிருக்கிறது, எழுதியது நான்தான் என்று சொன்னாள். ரெனே சிரித்த சிரிப்பில் பொன்னாடை நழுவிப் புல்லில் விழுந்தது. சவுக்காரக் கம்பனிக்காரர்கள்கூட என்னைப் பற்றி இவ்வளவு உண்மையாக எழுதவில்லை என்று சொல்லி, நோட்டீசை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“வேண்டாம், அக்கா,” என்று மெற்றில்டா பிரசாந்தினியிடம் திரும்பினாள். “நான் ரிசேவாவே இருக்கிறன். களைச்சுப் போனாக் கூப்பிடுங்கோ. ஆனா நோட்டீசில என்ர பேர் வரோணும்.”

அடுத்த வருடம் நோட்டீஸ் வந்தது. ஏழு பேரின் படங்களும் வழக்கம்போல மேலே இருந்தன. கீழே, பொடி எழுத்து இருந்த இடத்தில், கொட்டை எழுத்தில் ஒரு வரி. அதைக் கிறிஸ்துராஜா தன் பஸ்ஸின் ஓட்டுநர் கண்ணாடியில் ஒட்டி வைத்து, டிப்போவில் கழற்றச் சொல்லும் வரை கழற்றவில்லை.

‘எட்டாம் இடம்: மெற்றில்டா.’