பதினேழாம் படத்தின் இடது கை

மார்ச் 12, புதன், மாலை 3.10. ஒரு சிறிய தவறு. பதினேழாம் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

எழுதிவிட்டு, 'சிறிய' என்ற சொல்லை அடித்தாள் அகல்யா. ஆர்.கே.புரத்தில் சாரணியர் சங்கத்தின் மாடியறைகள் இரண்டும்தான் அருங்காட்சியகம். இரண்டு மாதமாகப் பகலில் அங்கே பட்டியல் போடுகிறாள். மாலையில் ஆவணக் காப்பு வகுப்பு. நாட்குறிப்பும் அந்த வகுப்புக்காகத்தான்.

படம் 1966இல் எடுத்தது. வரிசையாக நான்கு சாரணியர். நடுவில் இருவர் கைகுலுக்குகிறார்கள், இடது கையால். இடது கையால் பென்சிலை நீட்டினாலே வீட்டில் அடி வாங்கி வளர்ந்தவள் அகல்யா. ஸ்டுடியோவில் நெகட்டிவைப் புரட்டி வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, கணினியில் திருப்பினாள். பின்பக்கம் 'இடமிருந்து வலம்' என்று எழுதியிருந்த பெயர்களை அப்படியே முகங்களுக்குக் கீழே போட்டாள். கரோல் பாக் கடையில் பெரிதாக அச்சடித்து, காலையில் மாட்டியும் ஆயிற்று.

மூன்று மணிக்குப் பயிற்சிக்குப் பெண்கள் வந்தார்கள். பொறுப்பாளர் ஹெலன் ஒவ்வொருத்திக்கும் இடது கையை நீட்டினார்.

"மேடம், ஏன் இடது கை?" என்றாள் அகல்யா.

"சாரணியர்னா இடது கைதான்மா. இதுகூடத் தெரியாமலா ரெண்டு மாசம் இங்க உக்காந்திருந்த?"

அகல்யா சுவரில் மாட்டிய படத்தைத் திரும்பிப் பார்த்தாள். வலது ஓரத்தில் நின்ற பிலோமி இப்போது இடது ஓரத்தில், மது என்ற பெயரோடு நிற்கிறாள். படத்தைக் கொடுத்த அதே பிலோமி, எழுபத்து நான்கு வயதில், நான்கு மணிக்கு வருகிறார். அந்த அணி ஏழு வருடம் வாரம் தவறாமல் எழுதிய பதிவேடு அவரிடம் இருக்கிறது. அறையைப் பார்த்துப் பிடித்தால் தருவதாகச் சொல்லியிருந்தார். நாளை வீட்டைக் காலி செய்கிறார். மிச்சக் காகிதமெல்லாம் பழைய பேப்பர் வாங்கும் கபாடிக்காரனுக்கு.

நடந்ததை ஹெலனிடம் சொல்லிவிட்டு, "கழற்றிடவா மேடம்?" என்றாள்.

"எங்க என் படம்னு கேட்டா? பேசாம இரு. அவங்களுக்குக் கண்ணுல புரை, பேரெல்லாம் படிக்க மாட்டாங்க. புக்கை வாங்கிட்டு அப்புறம் மாத்திக்கலாம்."

நான்கு மணிக்குப் பிலோமி, பதிவேடு இருந்த துணிப்பையை மார்போடு அணைத்தபடி படியேறி வந்தார். பின்னால் மகன் ரெஜின்.

"மம்மி, ஜல்தி. காரை ரோட்டுலயே விட்டிருக்கேன்."

"அறுபது வருஷம் காத்திருந்தேன். நீ அஞ்சு நிமிஷம் நில்லுடா."

சீருடைகளைப் பார்த்தார். முகாம் விளக்கைத் தொட்டுப் பார்த்தார். பதினேழாவதற்கு இன்னும் மூன்று படங்கள். இரண்டு.

"டீ ஆறுது ஆன்ட்டி. பையைக் குடுங்க, நான் வச்சுக்கறேன்," என்றார் ஹெலன். பிலோமி பையை நீட்டினார்.

"குடுக்காதீங்க ஆன்ட்டி." அகல்யா குறுக்கே வந்தாள். "முதல்ல இதைப் பாருங்க. நான் தப்பா மாட்டியிருக்கேன்."

நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள். பிலோமி கண்ணாடியில் மூக்கு உரசக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நான் மதுவாம். மதுவுக்குத் தெத்துப்பல். எனக்கு இருக்கா?"

ரெஜின் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"ஏன் திருப்பின?"

"இடது கை... தப்புன்னு நினைச்சேன்."

"எங்கம்மாவும் அதான் சொன்னா. என்ன பழக்கம் இதுன்னு ஒரு மாசம் என்னை அனுப்பல." பை மறுபடி மார்புக்குப் போயிற்று. "நாளைக்குப் பத்து மணிக்கு லாரி. அதுக்குள்ள சரியா மாட்டி, இவன் போனுக்குப் போட்டோ அனுப்பு. பார்த்துட்டுச் சொல்றேன்."

"தர்றேன்னு சொல்லுங்களேன் ஆன்ட்டி," என்றார் ஹெலன்.

"பார்த்துட்டுச் சொல்றேன்னுதான் சொன்னேன்."

அவர்கள் இறங்கிப் போனார்கள். ஹெலன் யாரும் தொடாத டீயைக் கொட்டப் போனார்.

அன்றைய வகுப்பில் அகல்யாவின் காதில் எதுவும் ஏறவில்லை. கடைசி பெஞ்சில் நாட்குறிப்பைத் திறந்து எழுதினாள்:

நாளை காலை ஏழு மணிக்கு முனிர்கா பிரின்ட் கடை. படம் 17, திருப்பாமல். பெயர்கள் இடமிருந்து வலம்: மது, பட்டு, ப்ரீதா, பிலோமி. ஒன்பதுக்குள் மாட்டி, ரெஜினுக்குப் போட்டோ அனுப்ப வேண்டும்.