பச்சை டப்பா

என் தம்பி பெண்டாட்டிக்கு நான் வைத்த பெயர் அமுக்குணி. எதைக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள், ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். இந்த மாதிரி ஆளை நான் நம்பவே மாட்டேன்.

தம்பி தச்சன். போன வாரம் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவன், கால் மரத்துப்போச்சு என்று உட்கார்ந்துவிட்டானாம். தச்சனுக்கு மரத்துப்போகாமல் வேறென்ன போகும் என்று கூட இருந்தவர்கள் கிண்டலடித்திருக்கிறார்கள். மறுநாள் அவனால் படி ஏற முடியவில்லை. அதற்கடுத்த நாள் கையில் டம்ளர் நிற்கவில்லை. தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

எனக்கு அப்போதே பொறி தட்டியது. இரண்டு வாரத்துக்கு முன்னால், தைத்து முடித்த சட்டையைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அமுக்குணி கையில் போனை வைத்துக்கொண்டு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

“பச்சையைப் பத்தி அண்ணிகிட்ட மூச்சு விட மாட்டேன்.”

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. தம்பி எங்கே என்றேன். குளிக்கிறாராம். பட்டப்பகலில் என்ன குளியல்? தண்ணீர் விழுகிற சத்தமே கேட்கவில்லை.

பச்சை என்றால் என்ன? கரையான் மருந்து டப்பா பச்சை. பட்டறையில் இருக்க வேண்டியது அவர்கள் வீட்டு அடுப்படியில் இருப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். துண்டு துணியை வைத்து ஒட்டுப்போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், நான் தையல்காரி. அந்த டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் தம்பியின் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். கால் துள்ளவே இல்லை. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். காலையில் எண்ணிய அளவுக்குக்கூட அவனால் போக முடியவில்லை. பலவீனம் மேலே ஏறுகிறது, நெஞ்சுக்குப் போனால் மெஷின்தான் மூச்சு விட வேண்டியிருக்கும் என்று என்னையும் அமுக்குணியையும் தன் அறைக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். டப்பாவை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

“இதைத்தான் இவ கலந்து குடுத்திருக்கா.”

அமுக்குணி அழவில்லை, மறுக்கவும் இல்லை. டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார்த்தார். இந்த மருந்து உள்ளே போனால் வேறு மாதிரி இருக்கும், இவரிடம் அந்த அடையாளம் எதுவும் இல்லை என்றார். பிறகு அவளிடம், சமீபத்தில் இவருக்கு வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள், இல்லை என்றாள். திருட்டு முழியை எனக்கா தெரியாது?

டாக்டரம்மா விடவில்லை. வயிற்றுக்குள் போகிற சில கிருமிகளின் மேல்தோலும் நம் நரம்பும் பார்க்க ஒரே சாயலில் இருக்குமாம். கிருமியை அடிக்க உடம்பு ஆள் திரட்டும். கிருமி செத்த பிறகும் அந்த ஆட்கள் அடங்காமல், அதே சாயலில் இருக்கிற நரம்பை அடிப்பார்களாம்.

“ஆள் மாறி அடிக்குதும்மா. அதான் கேக்கறேன், மறைக்காதீங்க.”

“வாயைத் திறடி,” என்றேன். “அவன் உயிரை விட ரகசியம் பெருசா?”

அவள் மறுபடியும் என்னைத்தான் பார்த்தாள்.

“உங்க வீட்டுல கோழி சாப்பிட்டு வந்தார்ல அண்ணி, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு வயித்தால போக ஆரம்பிச்சுது. ரத்தமும் கலந்து போச்சு. தொடைக்கறி எலும்போரம் பச்சையா இருந்துச்சாம். அக்கா ஆசையா எடுத்து வெச்சது, எப்படி வேணாம்கறதுன்னு தின்னுட்டாராம். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். அன்னிக்கு நீங்க வந்தப்போ அவர் பாத்ரூம்லதான் இருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு அவர்கிட்டதான் பேசிட்டிருந்தேன், போன்ல இல்ல.”

நானும்தானே தின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். நான் தின்றது இறக்கை, கருகும் அளவுக்கு வெந்திருந்தது. தொடை எப்போதும் தம்பிக்கு. அன்றைக்கும் இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து நான்தான் அவன் தட்டில் வைத்தேன்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள், டாக்டரம்மா சந்தேகப்பட்டதுதான். உடனே டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் மறுபடி எண்ணச் சொன்னபோது எண்ணிக்கை அதற்கு மேல் குறையவில்லை. அது நல்லதுதான், ஆனால் இப்போதே எதையும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். ஏண்டா சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் குரல் அடியில் கிடந்தது.

“கறி நல்லாத்தான்... இருந்துச்சுக்கா.”

பொய் சொன்னால் அவனுக்கு இடது கன்னம் குழியும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துத்தான் அவனைப் பிடிப்பேன். இப்போது முகத்தின் இரண்டு பக்கமும் தொங்கிப்போய் அசையாமல் கிடந்தது. அவன் வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தவளை நிமிர்ந்து பார்த்தேன். நிஜமாவா சொல்றான் என்று கேட்டேன்.

அமுக்குணி மூச்சு விடவில்லை.