வெளித் தாழ்ப்பாள்

தங்கதுரை சபைக்கு வரத் தொடங்கி அது மூன்றாவது ஞாயிறு. முதல் வாரம் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது வாரம் நடுவில். இந்த வாரம் முன்வரிசைக்கே வந்து, கண்ணை மூடி, கையைத் தட்டி, ராகம் எந்தப் பக்கம் போகிறது என்ற கவலையே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

செவ்வந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டுப் புத்தகம் அவள் மடியில் மூடியே கிடந்தது.

அவளுடைய புருஷன் பச்சமுத்துவுக்குக் கண் போனது இவன் விற்ற சாராயத்தால்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், மலையிலிருந்து லாரி டியூபில் இறக்கி, கரும்புத் தோட்டத்துக்குப் பின்னால் பாக்கெட் போட்டு விற்றான். அதில் என்ன கலந்திருந்ததோ, குடித்த நான்கு பேரும் மறுநாள் காலையில் கண் மங்குகிறது, வயிறு எரிகிறது என்று விழுந்தார்கள். மூன்று பேரை வீட்டார் விடிந்ததுமே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் பிழைத்தார்கள், கண்ணோடு. பச்சமுத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர மாலையாகிவிட்டது. உயிர் மட்டும் மிஞ்சியது. தங்கதுரை ஜெயிலுக்குப் போனான்.

அதற்குப் பிறகு கச்சிராயபாளையத்துப் பக்கம் எந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டு என்றாலும் செவ்வந்தி போனாள். சோறாக்கினாள், தண்ணீர் தூக்கினாள், புருஷனைக் கைப்பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரியில் ரொட்டியும் பாலும் கொண்டுவந்து கொடுத்த ஜெயப்பிரகாஷ் பாஸ்டரின் சபையில் ஒரு வருஷம் கழித்து இருவரும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். பச்சமுத்து அன்றிலிருந்து வேறு ஆள். கண் இல்லாதவன் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து நாளெல்லாம் ஏதாவது பாட்டை முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டிருப்பான். செவ்வந்தியும் வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தாள், சபையைப் பெருக்கினாள், பாய் விரித்தாள், முழங்கால் காய்ப்புக் காய்க்க ஜெபித்தாள். எல்லாரும் சொல்கிற அந்தச் சந்தோஷம் மட்டும் அவள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஐந்து வருஷம் கேட்டு அவளுக்குக் கிடைக்காதது, ஜெயிலிலிருந்து வந்து மூன்றே வாரத்தில் இவனுக்குக் கிடைத்துவிட்டதா?

மறுநாள் மாலை அவன் வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் ஒரு பை சாமை அரிசி.

"அண்ணே, நான் தங்கதுரை."

"பாட்டுலயே தெரிஞ்சுதுடா. உக்காரு," என்றான் பச்சமுத்து.

தங்கதுரை உட்காரவில்லை. பச்சமுத்துவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "உன் வாழ்க்கய நாசம் பண்ணிட்டேண்ணே. குடிச்ச அன்னிக்கு ராத்திரி நடக்க முடியாம தள்ளாடினப்பகூட, நான்தான் உன்ன வண்டியில ஏத்தினு வந்து இந்த வாசல்ல வுட்டுட்டுப் போனேன். பாவம்னு தெரிஞ்சே செஞ்சேன். என்ன மன்னிச்சிருண்ணே."

செவ்வந்தியின் கையிலிருந்த முறம் நின்றது.

"எந்திரிடா," என்றான் பச்சமுத்து. "மன்னிச்சி ரொம்ப நாளாச்சி. நீயா என் வாயில ஊத்தின? செவ்வந்தி, தம்பிக்கு டீ போடு."

"டீயா?" என்றாள் செவ்வந்தி.

"அண்ணி, உங்ககிட்டயும்..." என்று தங்கதுரை திரும்பினான்.

"யாருக்குடா அண்ணி? ஆறு வருஷமா இந்தாளுக்கு முதுகு தேய்க்கிறவ நானு. கரும்புச் சோகை கிழிச்சி கிழிச்சி என் கையப் பாரு. நீங்க ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சி அழுதுட்டு டீ குடிப்பீங்க, நான் அடுப்பு ஊதணுமா? உன் சாமையும் வாணாம், நீயும் வாணாம். கெளம்பு!"

அவன் தலைகுனிந்து போனான். பை வாசலிலேயே கிடந்தது. பச்சமுத்து பழையபடி முணுமுணுக்கத் தொடங்கினான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை பாஸ்டர் வந்தார். வருகிற ஞாயிறு கோமுகி ஆற்றில் தங்கதுரைக்கு ஞானஸ்நானம் என்றார்.

"நீங்களும் மன்னிக்கணும்மா. கர்த்தர் நம்மள மன்னிச்சிருக்காரு இல்ல?"

"சொல்றது சுலபம் ஐயா. உங்களுக்கு இன்னா, வெள்ளச் சட்ட போட்டுகினு சொல்லிட்டுப் போயிருவீங்க."

"கர்த்தர் உங்களுக்குச் செஞ்சத, உங்க சாட்சிய, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்கன்னா அவனுக்கும் ஒரு..."

"சொல்றேன்," என்றாள் சட்டென்று. "நல்லாவே சொல்றேன்."

அவள் மனதில் இருந்தது வேறு. தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால், நூறு பேர் நடுவில், அவன் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பு எங்கே போகிறதென்று பார்க்க வேண்டும்.

ஞாயிறு காலை டவுன் பஸ் வரவில்லை. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வாய்க்கால் வரப்பில் நடந்தே கிளம்பினார்கள். பச்சமுத்து அவள் தோளைப் பிடித்துப் பின்னால் வந்தான். வழக்கம்போல முணுமுணுப்பும் கூடவே வந்தது.

"கொஞ்சம் சும்மா வாய்யா. கால் வழுக்கப்போவுது."

"வழுக்கினா நீ புடிச்சுக்குவ."

"ஆமா, நான் எதுக்கு இருக்கேன்? எல்லாரையும் புடிக்கத்தான்."

அவன் சிரித்தான். பிறகு மெல்லக் கேட்டான். "சாட்சியில இன்னா சொல்லப்போற?"

"எப்பவும் சொல்றதுதான். நீ ராத்திரி வூட்டுக்கே வரல, தோட்டத்துல எங்கியோ வுழுந்து கெடந்த, மத்தியானம்தான் வந்த, ஒடனே ஆட்டோ புடிச்சிகினு ஓடினேன்னு."

சபையில் அவள் மூன்று முறை சொன்ன சாட்சி அது. டாக்டரிடம் சொன்னதும், மாமியாரிடம் சொன்னதும், போலீஸ்காரர் எழுதிக்கொண்டதும் அதுதான்.

"தங்கதொரைக்குத் தெரியுமே," என்றான் பச்சமுத்து. "அவன்தான வாசல்ல எறக்கிவுட்டான்."

செவ்வந்தி நின்றுவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் வாய் திறக்கவில்லை. அதை நினைத்தபோதெல்லாம் அவன்மேல் ஆத்திரம் இரண்டு மடங்காகியிருந்தது.

"ஏன் நின்னுட்ட?"

"யோவ், பேசாம வாய்யா!"

"சரி, வா."

"இன்னா சரி? எதக் கேட்டாலும் சரி, எவன் வந்தாலும் மன்னிச்சிட்டேன்! உனுக்கு இன்னா தெரியும்? நீ ராத்திரியே வந்துட்ட. காலைல கண்ணு தெரியலன்னு கத்தின. தண்ணி கேட்ட. போதை தெளியலன்னு நெனச்சேன். இல்ல, அது பொய். ஏதோ சரியில்லன்னு எனுக்குத் தெரிஞ்சுது. அதுக்கு மொத நாளு நீ அடிச்ச அடியில என் காது இரைஞ்சிகினே இருந்துது. செத்தா சாவட்டும்னு வெளித்தாப்பா போட்டுட்டு நான் கரும்பு வெட்டப் போயிட்டேன்! ரெண்டு மணிக்குத்தான் வந்து தொறந்தேன். காலையிலயே கொண்டாந்திருந்தா கண்ணு பொழச்சிருக்கும்னு அந்த டாக்டரு சொன்னாரு. போதுமா? இப்ப சிரி! மன்னி பாக்கலாம்!"

தோட்டத்தில் காற்று சலசலத்தது. அவள் மூச்சிரைக்க நின்றாள்.

"தெரியும்," என்றான் பச்சமுத்து.

"இன்னா தெரியும்?"

"தாப்பா போட்ட சத்தம் கேட்டுது. கண்ணுதான போச்சி, காது நல்லாத்தான இருந்துது. செத்தா சாவட்டும்னு நீ வாய்வுட்டே சொன்ன, அதுவும் கேட்டுது."

செவ்வந்தி வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிடித்திருந்த தோள் காணாமல் போனதால் பச்சமுத்து காற்றில் கையைத் துழாவிக்கொண்டு நின்றான்.

"ஆறு வருஷமா தெரிஞ்சிகினே இருந்தியா? நான் சாட்சி சொல்றப்போலாம் ஆமேன் போட்டியேய்யா!"

"வேற இன்னா சொல்லச் சொல்ற?"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? நான் உள்ளுக்குள்ளயே வெந்துகினு கெடந்தனே!"

அவனும் தடவித் தடவி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "மொத ஒரு வருசம் கோவம் இருந்துது. ரொம்ப. ஒருநாளு பாஸ்டரு ஜெபம் பண்றப்போ நான் உன்ன அடிச்சதெல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துது. கல்யாணமான மொத மாசத்துலேர்ந்து. ஏசப்பா அத்தனையையும் எனுக்கு மன்னிச்சிட்டாரு, செவ்வந்தி. அத்தனையும். அப்புறம் நான் ஒரு தாப்பாளப் புடிச்சிகினு தொங்கவா? அன்னிக்கே வுட்டுட்டேன். நீயா வாயத் தொறக்காம நான் போயி மன்னிச்சிட்டேன்னு சொன்னா, குத்திக்காட்டுற மாதிரி இருக்கும். அதான் சொல்லல."

அவள் தோளைத் தேடித் தொட்டு, "உன்ன அடிச்சதுக்கு நான் கடவுளக் கேட்டேன். உன்னக் கேக்கவேயில்ல. அது தப்பு. மன்னிச்சிரு," என்றான்.

அவள் அழுதாள். சத்தமாக, வாய்க்கால் ஓரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலைதூக்கிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். தான் ஒளித்துவைத்துக் காவல் காத்ததை இவன் இத்தனை நாள் கூடவே வைத்துக்கொண்டு, அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு, அவளுக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். இந்த மனுஷனுக்கே இது முடியுமென்றால், இவனுக்கு அதைக் கொடுத்தவர் எப்படிப்பட்டவராக இருப்பார்? ஐந்து வருஷமாக அவள் உபவாசம் இருந்தும் சபையைப் பெருக்கியும் விலை கொடுத்து வாங்கப் பார்த்ததை அவர் சும்மா கொடுக்கவே வைத்திருந்தார். அவள்தான் செய்ததை வாய் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

"ஏசப்பா, நான்தான் தாப்பா போட்டேன்," என்று சொன்னாள். வேறு ஜெபம் வரவில்லை. சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஏதோ இளகியது. ஏனென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

ஆற்றங்கரைக்குப் போனபோது எல்லாரும் இவர்களுக்காகவே காத்திருந்தார்கள். தங்கதுரை வெள்ளை வேட்டியோடு தண்ணீர் ஓரம் நின்றான். பாஸ்டர் அவளைக் கூப்பிட்டார்.

"நான் இதுவரைக்கும் சொன்ன சாட்சி பொய்," என்று தொடங்கினாள். தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னாள். அவள் மாமியார் வழிச் சொந்தக்காரி ஒருத்தி "அடிப்பாவி" என்றது எல்லாருக்கும் கேட்டது. பாஸ்டருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. செவ்வந்தி நிறுத்தாமல் கடைசிவரை சொன்னாள். பிறகு தங்கதுரையிடம் போனாள்.

"உன்மேல கோவம் இன்னும் இருக்கு. அது போறப்ப போவட்டும். ஆனா நான் மன்னிச்சிட்டேன். மன்னிப்பு வாங்கினவ நானு, இல்லன்னு சொல்ல வாயில்ல."

"போதும் அண்ணி," என்றான் அவன்.

"போ, போயி முழுவு. வெயில் ஏறுது."

மறுநாள் அந்தச் சொந்தக்காரி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். மாமியார் இரண்டு மாதம் பேசவில்லை. வெட்டுக்குப் போன இடத்தில் கூட வேலைசெய்கிற ஆண்டாள் மூஞ்சிக்கு நேராகவே கேட்டாள். செவ்வந்தி எல்லாவற்றுக்கும், "ஆமாம், செஞ்சேன்," என்றாள். எல்லாம் வந்து போகிற மாதிரி அந்தச் சந்தோஷமும் ஒரு வாரத்தில் போய்விடும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். போகவில்லை.

ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, அடுப்பு நனைந்து, பச்சமுத்துவுக்குக் காய்ச்சலும் வந்து, ஒரு வாரம் வேலையும் இல்லாத நாள் ஒன்றில், சொட்டுகிற இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தபோது, தானே முணுமுணுத்துக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள். அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறது.

"இன்னா, பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்றான் கட்டிலிலிருந்து.

"நீ மொதல்ல காலத் தூக்குய்யா, குண்டான வெக்கணும்," என்றாள் செவ்வந்தி.