எந்த நாலு மணி

மிஷினின் சத்தம் மாறியது காதில் விழுந்ததும் ஹிக்மத் பாதி முகத்தில் சோப்புநுரையோடு ஓடி வந்தான். ஆக்ஸிஜன் மிஷினின் பச்சை விளக்கு மஞ்சளாகியிருந்தது. கரண்ட் போய், பாட்டரி வேலையைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. மூக்கில் குழாயோடு தலையணைகளில் சாய்ந்திருந்த வதாத் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

"பன்னெண்டுதானே ஆகுது?"

பன்னிரண்டுதான். அந்தத் தெருவின் ஜெனரேட்டர் பகலில் ஒரு மணிக்கு நிற்கும், நாலு மணிக்குத் திரும்ப ஓடும்; ராத்திரியும் பதினொன்றிலிருந்து இரண்டு வரை அதே மாதிரி நிற்கும். அரசாங்க கரண்ட் எப்போது வரும் என்று பெய்ரூட்டில் யாரும் கேட்பதை விட்டே நாளாகிவிட்டது. நடுவில் இருக்கிற மூன்று மணி நேரத்துக்கென்றே பார்த்துப் பார்த்து வாங்கிய பாட்டரி அது. மூன்று மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட அதை நம்பியதில்லை. போன குளிர்காலத்தில் ஒருமுறை குழாய் கழன்று கிடந்த பத்தே நிமிஷத்தில் அவள் உதடு கத்தரிக்காய் நிறத்துக்குப் போனதை அவன் கண்ணால் பார்த்தவன்.

"ஏதாவது ரிப்பேரா இருக்கும். கேட்டுட்டு வரேன்," என்றான். அவள் போனை எடுத்து அவள் மடியில் வைத்தான். "நீ பேச வேண்டாம். பாட்டரி பீப் அடிச்சா ஒரு ரிங் விடு. நின்னே போச்சுன்னா ரெண்டு ரிங்."

"முகத்தைத் துடைச்சுட்டுப் போங்க. பாதி ஆளாப் போனா எவன் மதிப்பான்?" என்றாள். அத்தனை சொல்லவே அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

ஐந்து மாடி. லிஃப்ட் அந்தக் கட்டடத்தில் அலங்காரத்துக்குத்தான். முப்பது வருஷம் தரை ஓடு சுமந்து தேய்ந்த முழங்கால்களோடு அவன் இறங்கினான். ஜெனரேட்டர் கொட்டகை தெருவின் நடுவில் இருந்தது. ஏற்றமான தெருவில் அதற்கு மேல்பக்கம் சர்ச், கிறிஸ்தவர்களின் மேல்தெரு; கீழ்ப்பக்கம் பள்ளிவாசல், முஸ்லிம்களின் கீழ்த்தெரு. கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் ஃபவ்வாஸ் பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். வாசலில் கறிக்கடை சுப்ஹி ஹாஜி பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கீழ்த்தெரு ஆட்கள் நாலைந்து பேர். நோன்பு நாலாம் நாள். சிகரெட் இல்லாத வாய்கள் எல்லாம் கடுகடுவென்று இருந்தன.

"என்னடா ஃபவ்வாஸ், ஒரு மணி நேரம் முன்னாடியே அணைச்சுட்ட?"

"முன்னாடி இல்லண்ணே. ஒரு மணிக்குத்தான் அணைச்சேன். மேல்தெரு ஒரு மணிக்கு."

ஹிக்மத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வருஷா வருஷம் மார்ச் கடைசியில் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். இந்த வருஷம், நோன்பு முடியட்டும், பிறகு தள்ளலாம் என்று வியாழக்கிழமை அரசாங்கம் சொன்னது. அதெல்லாம் முடியாது, நாங்கள் தள்ளத்தான் செய்வோம் என்று சனிக்கிழமை சர்ச்சுகள் சொல்லிவிட்டன. ஞாயிறு விடிந்தபோது ஒரே தெருவில் இரண்டு நேரம். ஹிக்மத்தின் போன்கூட ராத்திரி தானாகவே முன்னால் போயிருந்தது. காலையில் அவன்தான் அதைப் பின்னுக்கு இழுத்து வைத்தான்.

"சரி, மேல்தெரு நேரம்னே வச்சுக்கோ. அப்ப நாலு மணிக்குத் திரும்ப வரும். நம்ம மூணு மணி. சரிதானே?"

ஃபவ்வாஸ் பூட்டைப் பார்த்தான், ஹாஜியைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான்.

"காலைல சண்டை ஆயிப்போச்சுண்ணே. ஃபியூஸ் பெட்டி மேல கல் விழுந்துச்சு. மேல இருந்தா, கீழ இருந்தான்னு யாருக்கும் தெரியல. முதலாளி வந்து ரெண்டு பக்கமும் பேசி முடிச்சாரு. அணைக்கிறது மேல்தெரு மணிப்படி. போடுறது கீழ்த்தெரு மணிப்படி. ஆளுக்குப் பாதி. எல்லாரும் கை குடுத்துக்கிட்டாங்க."

ஹிக்மத் விரல் விட்டு எண்ணினான். பன்னிரண்டுக்குப் போனது. நாலுக்கு வரும். பாட்டரி மூன்றுக்கு முடியும்.

"நாலு மணி நேரம்டா!"

"ஆமாண்ணே. டீசல்ல ஒரு மணி நேரம் மிச்சம்னு முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு."

முதலாளி நௌஃபல் மூன்றாவது தடவைதான் போனை எடுத்தார். பின்னால் தட்டும் கரண்டியும் குழந்தைகளுமாக ஒரே இரைச்சல். மலையில் மாமியார் வீட்டு விருந்தில் இருந்தார்.

"ஹிக்மத், உன் வீட்டுக்காரி விஷயம் எனக்குத் தெரியாதா? மனசு கேக்கல. ஆனா நான் ரெண்டு பக்கமும் வாக்குக் குடுத்தவன். இன்னிக்கு அதை மீறினா ராத்திரிக்குள்ள என் ஜெனரேட்டரைக் கொளுத்திருவாங்க. ஒண்ணு பண்ணு. மேல தூமித், கீழ சுப்ஹி ஹாஜி. ரெண்டு பேரும் சரின்னா ஃபவ்வாஸ் எப்ப வேணா போடட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல."

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். வண்டி மலைப்பாதை விபத்துக்குப் போயிருக்கிறது, வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றாள் போனை எடுத்த பெண். பாவம், கனிவாகத்தான் சொன்னாள். ஆக்ஸிஜன் சிலிண்டர் நிரப்புகிற கடையின் ஷட்டரைத் தட்டினான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு நேரத்துக்கும் ஞாயிறுதான், கடை இல்லை. உறவுக்காரர் ஒருவர் வைத்திருந்த பழைய சிலிண்டரைத் தேடி நாலு தெரு நடந்தான். அது காலியாகிப் பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அலைந்து முடித்து மேல்தெரு ஏறியபோது அவன் போனில் மணி ஒன்று ஐம்பது.

தூமித் பழைய பஸ் டிரைவர். வாசலில் மேஜை போட்டு, மகன்கள் மருமகள்களோடு ஞாயிற்றுச் சாப்பாட்டின் கடைசியில் இருந்தார். அரக் என்கிற சோம்புச் சாராயம், தண்ணீர் கலந்து பால் நிறத்தில் கிளாஸில் பாதி இருந்தது.

"வா வா ஹிக்மத்! உக்காரு. ஓ, நோன்பு... சரி, உக்காரவாவது செய்."

விஷயத்தைச் சொன்னதும் கிளாஸை வைத்துவிட்டார்.

"இதுக்கு எதுக்குய்யா கெஞ்சுற? மூணு மணிக்குப் போடணும். அவ்வளவுதானே? உங்க மூணு எங்க நாலு. காலைல இருந்து நாங்க அதைத்தானே கேட்டோம்! வா, நானே வந்து சொல்றேன்."

ஹிக்மத் கூடவே இறங்கினான். தூமித் மனசார வருகிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் நடையில் ஒரு குஷி இருந்தது. பின்னாலேயே இரண்டு மகன்களும் எழுந்து வந்தார்கள்.

"அண்ணே, நீங்க மட்டும் வந்தாப் போதும். 'எங்க நாலு'ன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"நான் ஏன் சொல்றேன்?" என்றார் தூமித்.

கொட்டகைக்கு இருபது அடி இருக்கும்போதே சொல்லிவிட்டார்.

"ஹாஜி! நாலு மணிக்குப் போடுறதுல எங்களுக்குச் சம்மதம்!"

சுப்ஹி ஹாஜி நாற்காலியை இன்னும் கொஞ்சம் கதவோடு நெருக்கினார்.

"எந்த நாலு?"

"உலகத்துக்கே ஒரே நாலுதான், ஹாஜி. பாரீஸ்ல கேளு, சைப்ரஸ்ல கேளு."

"அப்ப பாரீஸ்ல போய் கரண்ட் வாங்கிக்க. இங்க அரசாங்கம் சொன்னதுதான் மணி."

"அரசாங்கம் சொன்னதை என்னிக்குய்யா நீ கேட்ட? கறிக்கு விலை போட்டாங்களே, அன்னிக்குக் கேட்டியா?"

"நோன்பு ஆறு மணிக்குத் திறக்கிறது உங்க கண்ணை உறுத்துது!"

"ஏழுன்னு சொன்னா சூரியன் மறையாதா? உனக்காக ஒரு மணி நேரம் நின்னுட்டுப் போகுமா?"

ஹிக்மத் இருவருக்கும் நடுவில் போய் நின்றான். ஹாஜியின் முன்னால் குனிந்து, தோளைத் தொட்டான்.

"ஹாஜி, இது மணி விஷயம் இல்ல. வதாத்தோட பாட்டரி மூணு மணிக்கு நிக்குது. அதுக்கு மேல அவளுக்கு மூச்சில்ல."

ஹாஜியின் முகம் இளகியது. கல்மனசுக்காரர் இல்லை அவர். போன வருஷம் வதாத் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு வாரம் சூப்புக்கு எலும்பு கொடுத்தனுப்பியவர். ஹிக்மத்தை மகன் பெயரை வைத்து, நதீமின் அப்பா என்ற பொருளில், 'அபூ நதீம்' என்றுதான் கூப்பிடுவார்.

"அபூ நதீம், வதாத் எனக்குத் தங்கச்சி மாதிரி. ரத்தம் வேணும்னாக் கேளு, இங்கயே கையை நீட்டறேன். தோள்ல தூக்கி அஞ்சு மாடி இறக்கணுமா, நாங்க இத்தனை பேர் இருக்கோம். மணியை மட்டும் கேக்காத. இன்னிக்கு அவங்க நாலு மணிக்கு எஞ்சின் ஓடிச்சுன்னா, நாளைக்கு அவங்க மணிக்குத்தான் எல்லாமே."

"படியில இறக்கினா பாதி வழிலயே போயிருவா, ஹாஜி."

 ஹாஜியின் பின்னாலிருந்த ஒருவன், "அவங்க நாலுக்குப் போட்டா நான் கேபிளை வெட்டுவேன்," என்றான். "வெட்டிப் பாரு!" என்றான் தூமித்தின் மூத்த மகன். மேலேயிருந்து இன்னும் நாலு பேர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஃபவ்வாஸ் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

பேச்சு வளர்ந்தது. யார் முதலில் கல்லெறிந்தது, யாருடைய மாமா எந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றார், எல்லாம் வெளியே வந்தது. மணியில் தொடங்கிய பேச்சு முப்பது வருஷம் பின்னால், உள்நாட்டுப் போரில் போய் நின்றது. ஹிக்மத் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். எல்லோரும் அவனுக்காகத்தான் கத்துவதாக நினைத்துக் கத்தினார்கள்.

அவன் பையில் போன் ஒருமுறை அடித்து நின்றது.

வதாத். ஒரு ரிங். பாட்டரி பீப் அடிக்கிறது. ஆனால் மணி இரண்டே கால்தானே? மூன்று வரை தாங்க வேண்டிய பாட்டரி. பழசாகிவிட்டது. அவன் கணக்குப் போட்ட மூன்று மணி நேரம் போன வருஷத்து மூன்று மணி நேரம்.

"கேளுங்க!" என்றான். யாரும் கேட்கவில்லை. "யோவ், கேளுங்கய்யா! பீப் அடிக்குது! பத்து நிமிஷம்கூடத் தாங்காது!"

ஹாஜி எழப்போனவர், தூமித் ஒரு அடி முன்னால் வைத்ததைப் பார்த்துத் திரும்ப உட்கார்ந்தார். தூமித் சும்மா கால் மாற்றித்தான் நின்றார். ஆனால் அன்றைக்கு அந்தத் தெருவில் சும்மா என்று எதுவுமில்லை.

"மூணு மணி ஆகட்டும், பேசுவோம்," என்றார் ஹாஜி. குரல் முன்பு போல இல்லை.

"நாலு மணி," என்றான் தூமித்தின் மகன்.

மறுபடி பிடித்துக்கொண்டார்கள். ஹிக்மத் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்து இழுத்தான். ஓடு தூக்கிப் பழகிய கைதான், ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. அப்போது போன் அடித்தது. ஒரு ரிங். நின்றது. கையில் எடுத்து வெறித்தபடி நின்றான். இரண்டாவது ரிங்.

அவன் கத்தவில்லை. அடுத்துப் பேசியபோது குரல் அவனுக்கே அந்நியமாக, தாழ்ந்து வந்தது.

"ஹாஜி, உங்க போன்ல மணி என்ன?"

"எதுக்கு?"

"சொல்லுங்க."

"ரெண்டு இருபத்தேழு."

"தூமித் அண்ணே, உங்களுது?"

"மூணு இருபத்தேழு."

"இருபத்தேழு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? அதுல சண்டை இல்லையே? உங்க நாலும் வேண்டாம், அவங்க நாலும் வேண்டாம். இந்த இருபத்தேழுக்குப் போடுங்க. இருபத்தெட்டு ஆகறதுக்குள்ள போடுங்க. மிஷின் நின்னுபோச்சு. என் பொண்டாட்டி மேல மூச்சில்லாம உக்காந்திருக்கா."

 தூமித்தின் மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தூமித் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அவன் வாயை மூடினார்.

சுப்ஹி ஹாஜி எழுந்தார். நாற்காலியை முதுகைப் பிடித்துத் தூக்கி, நாலடி தள்ளி, சுவரோரம் வைத்தார். அதில் உட்காரவில்லை.

"ஃபவ்வாஸ், எதுக்குடா மரம் மாதிரி நிக்கிற? தொற!"

சாவி பூட்டுக்குள் இறங்க மறுத்தது.  தூமித் பூட்டைப் பிடித்துக்கொள்ள, திறந்தது. முதல் தடவை எஞ்சின் இருமி நின்றது. "டீசல் வால்வு, டீசல் வால்வு!" என்றார் தூமித். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர் இருட்டில் குனிந்து எதையோ திருகினார். இரண்டாவது தடவை கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. அதற்குள் ஹிக்மத் படியில் இருந்தான்.

 இரண்டாம் மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துத் தன்னை இழுத்துக்கொண்டு ஏறினான். மூன்றாம் மாடியில் யாரோ கதவைத் திறந்து, "அபூ நதீம், கரண்ட் வந்துருச்சு!" என்றார்கள். அவன் நிற்காமல் ஏறினான். எத்தனையோ மாடிக்கு எத்தனையோ பாரம் ஏற்றியவன், வெறுங்கையோடு ஏறிய அந்த ஐந்து மாடி மாதிரி ஒன்றை ஏறியதில்லை.

வதாத் கட்டிலின் ஓரத்தில், இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தாள். போன் தரையில் கிடந்தது. உதடு கறுத்திருந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய சின்னக் கருவியில் எழுபத்தொன்று. மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. குழாய் சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். காற்று வந்துகொண்டிருந்தது.

"மெதுவா. மெதுவா இழு."

எழுபத்து நாலு. அவள் கண் அவன் முகத்திலேயே நின்றது. எழுபத்தொன்பது. எண் ஏற எவ்வளவு நேரமாயிற்று என்று பின்னால் கேட்டவர்களுக்கு அவனால் சொல்ல முடிந்ததில்லை. எண்பத்தாறு வந்தபோது அவள் கையை மெத்தையிலிருந்து எடுத்து அவன் தாடையைத் தொட்டாள். காய்ந்துபோன சோப்புநுரை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இப்படியேவா... தெருவெல்லாம்..."

"பேசாத."

எண்பத்தொன்பதில் எண் நின்றது. அவளுக்கு அது நல்ல எண்தான். ஹிக்மத் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். 

கீழே ஃபவ்வாஸின் போன் அடித்தது, முதலாளியாக இருக்கும். "ரெண்டு பேரும் சரின்னாங்க முதலாளி, சத்தியமா!" என்று ஃபவ்வாஸ் எஞ்சினுக்கு மேலே கத்தினான்.  பிறகு ஹாஜியின் குரல் எழுந்தது.

"சரி, போட்டாச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு அணைக்கணுமே. அது எந்தப் பதினொண்ணு?"

"அதையும் இப்பவே பேசிருவோம்," என்றார் தூமித்.

டீசல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. வதாத் லேசாக இருமி, ஜன்னலைக் கண்ணால் காட்டினாள். ஹிக்மத் எழுந்து போய் அதை முக்கால்வாசி சாத்தினான். முழுசாகச் சாத்தவில்லை. எஞ்சின் ஓடும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது.