ரைடன்பாக்கைத் தாண்டிப் போகும் வழி

ஓட்மார் ஜெர்மனியில் எஸ்ஸென் நகரில் முப்பது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் அவரால் ஓர் ஊருக்குச் சும்மா போய்விட்டு வர முடியாது. எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம் என்று எழுதி வைத்தால்தான் அவருக்கு மனசு ஆறும். எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல்மாடியில் இருக்கிறார். மனைவி எப்போதோ விட்டுப் போய்விட்டாள். அவருக்கென்று இருப்பது ஒரு மகளும் ஒரு கிழட்டு நாயும்தான். போன வசந்தத்தில் என் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்தவர், காபிக்கு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் காபிக்கு வருகிறார். ஊர் என்ன பேசும் என்றெல்லாம் நான் கவலைப்படுவதில்லை. ஊரும் என் வயதுப் பெண்ணைப் பற்றிப் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டது.

மோசல் ஆற்றங்கரைக்குப் போகலாம் என்று சொன்னது அவர்தான். கோகெமில் படகு ஏறுவது, பைல்ஸ்டைனில் இறங்கி ஒரு நாள், அப்புறம் பஸ்ஸில் ட்ஸெல், கடைசியில் பெர்ன்காஸ்டெல். மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், மலைச்சரிவெல்லாம் திராட்சை, சாயங்காலம் ஒரு கிளாஸ் ஒயின். செப்டம்பரில் அந்த ஒரு வாரம்தான் அவர் மகளால் நாயைப் பார்த்துக்கொள்ள முடியுமாம். என் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் கோடு போட்டார். ஆற்றின் ஒரு வளைவு வந்தபோது நான் அவர் கையைப் பிடித்து, இங்கிருந்து நேராக ட்ஸெலுக்குப் போய்விடலாம் என்றேன். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். மூன்றாம் தடவை அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆறே இங்க வளைஞ்சு போகுது. நம்ம வண்டி மட்டும் ஏங்க குறுக்கு வழியில போகணும்?"

அந்த வளைவில் இருப்பது ரைடன்பாக். சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு படகுத்துறை, வெள்ளம் எந்த வருடம் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு கோடாகச் செதுக்கிய ஒரு சுவர். நானும் என் கணவர் ஏவால்டும் இருபத்திரண்டு வருடம் செப்டம்பரில் அங்கே போயிருக்கிறோம். முதல் தடவை மஞ்சள் நிற ஓப்பல் காரில் வழி தப்பிப் போனோம். வழி கேட்க ஒரு வாசலில் நின்றால், கதவுக்கு மேல் துடைப்பம் தொங்குகிறது. அப்படித் தொங்கினால் அந்த வீட்டு முற்றத்தில் அவர்கள் பிழிந்த ஒயினை ஊற்றித் தருவார்கள். வழியை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். சூடான வெங்காய கேக்கும், இன்னும் புளித்துக்கொண்டிருக்கும் கலங்கலான புது ஒயினும். ஏவால்டுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் இரண்டு பாட்டில் வாங்கினார். அந்த பாட்டிலை இறுக மூடக் கூடாது, படுக்க வைக்கவும் கூடாது என்று வீட்டுக்காரி வால்புர்கா தலைபாடாய் அடித்துக்கொண்டு சொன்னாள். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, டிக்கியில் படுக்க வைத்தார். பாதி வழியில் கார் முழுக்க ஒயின். குளிர்காலம் முடியும்வரை அந்த வாசனை போகவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போதே குடித்துவிட்டுப் போகிறவர் மாதிரி மணப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. அடுத்த வருடத்திலிருந்து வால்புர்கா வீட்டிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினோம். அந்த மனிதரோடு சண்டை போட்ட நாட்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்த முற்றத்தில் ஒரு நாளும் போட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஜனவரியில் ஏவால்ட் போய்விட்டார். கறுப்பு விளிம்பு வைத்த சாவுச் சேதி அட்டையைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன், அவருடைய பல் டாக்டருக்குக்கூட. வால்புர்காவுக்கு மட்டும் அனுப்பவில்லை. மறந்துபோய் அல்ல. அந்த ஊரில் மட்டும் ஏவால்ட் இன்னும் சாகவில்லை. அங்கே அவர் அந்த முற்றத்தில் ஏப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் போனால், நானே என் வாயால் அவரைக் கொல்ல வேண்டும். இதை ஓட்மாரிடம் எப்படிச் சொல்வது? முழங்கால் வலி, அங்கே மேடு அதிகம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

தங்க இடம் தேடியபோது வந்தது வினை. அந்த வாரம் ஆறு நெடுக ஒயின் திருவிழா. ஓட்மார் கோகெமிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விடுதியாக ஃபோன் செய்தார். எல்லோரும் போன வருடமே நிரம்பிவிட்டது என்று சிரித்தார்கள். ஒருவன், மாட்டுக் கொட்டகை வேண்டுமானால் இருக்கிறது என்றானாம். கடைசியில் அவர் வரைபடத்தை மடித்தார். பரவாயில்லை, இன்னொரு வருடம் பார்க்கலாம் என்றார். நாய் அவர் காலடியில் நிம்மதியாகப் படுத்தது. எழுபது வயதை நெருங்குகிறவர்கள் இன்னொரு வருடம் என்று எதை நம்பிச் சொல்கிறோம் என்று எனக்குக் கோபம் வந்தது. கூடவே, அந்த ஆற்றை மறுபடி பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. விரல்களே அழுத்தின. மறுமுனையில் எடுத்தது வால்புர்காவேதான்.

"கெர்லிண்டெயா? அப்பாடா, இப்பவாவது கூப்பிட்டியே. அறையெல்லாம் ரெடியா இருக்கு."

எந்த அறை என்று கேட்டேன்.

"உங்க அறைதான். போன தடவை கிளம்பும்போது உன் வீட்டுக்காரர் வாசல்ல நின்னு 'வழக்கம்போல'ன்னு சொன்னாரில்ல? வேணாம்னு யாரும் சொல்லலையே."

ஒவ்வொரு வருடமும் காரில் ஏறும் முன் அவர் அதைச் சொல்வார். நான் அதை விடைபெறும் பேச்சு என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அதுதான் முன்பதிவு என்று எனக்குத் தெரியாது. இரண்டு திருவிழாவிலும் வால்புர்கா அந்த அறையை வேறு யாருக்கும் தரவில்லை. பெட்டியும் கையுமாக ஆட்கள் வாசலில் நின்றார்களாம். அவள் புருஷன் கத்தினானாம். வருகிறவர்கள் வருவார்கள், ஃபோன் போட்டு நச்சரிக்கக் கூடாது என்று பேசாமல் இருந்தாளாம். அவள் பேசிக்கொண்டே போனாள்.

"மெத்தைக்கு அடியில அவர் பக்கம் பலகை போட்டு வெச்சிருக்கேன். முதுகு இப்ப எப்படி இருக்கு அவருக்கு?"

ஓட்மார் எதையோ புரிந்துகொண்டு, நாயை எழுப்பி வெளியே கூட்டிப் போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"வால்புர்கா, ஏவால்ட் இறந்துட்டார். ரெண்டு வருஷமாச்சு."

மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது. அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அடக்கமாக அல்ல, நேற்றுத்தான் சேதி வந்த மாதிரி, வீட்டு மனுஷன் போன மாதிரி ஓவென்று அழுதாள். இந்த இரண்டு வருடமும் எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது சலித்தே போயிருந்தது. ஏவால்டுக்காக அழுகிற ஒருத்திக்கு நான் ஆறுதல் சொல்வது இதுதான் முதல் தடவை.

அவர் கஷ்டப்படவில்லை என்று சொன்னேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன். அழாதே, அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் நான் வருகிறேன், உட்கார்ந்து எல்லாம் சொல்கிறேன் என்றேன். என்னோடு ஒரு சிநேகிதர் வருகிறார், அவருக்கு ஒரு கட்டில் தனியாக வேண்டும் என்றும் சொன்னேன்.

வால்புர்கா மூக்கைச் சிந்திவிட்டு, அவர் எவ்வளவு உயரம் என்று கேட்டாள். அவருக்குத் தர இருக்கும் மாடி அறையில் கூரை ரொம்பத் தாழ்வாம்.