வளையத்தில் விட்ட இடம்

ஹமீதுக்கு எழுபது வயசு. தாராவியில் தோல் பை பட்டறை. போன மாசம் இரண்டு தடவை வலது கையிலிருந்து கத்தி நழுவி விழுந்தது. ஐந்து நிமிஷத்துக்கு அது அவர் கையாகவே இல்லை. கழுத்தில் இடப்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு, சீக்கிரம் எடுக்காவிட்டால் கை ஒரேயடியாகப் போய்விடும் என்றார்கள். ஆப்பரேஷனுக்குத் தலையாட்டினார்.

அப்புறம் டாக்டர் மாலதி ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு வேறு கதை சொன்னார்.

"மூளைக்கு அடியில ரத்தக்குழாயெல்லாம் ஒரு வளையமாச் சேரும். உங்களுக்குப் பொறப்புலயே அது முழுசா இல்ல. இது நோய் இல்ல, நிறையப் பேருக்கு இப்படித்தான். ஆனா கழுத்துக் குழாயைக் கட்டிட்டு அடைப்பை எடுக்கும்போது, மறுபக்கத்து ரத்தம் இங்க வராது. ட்யூப் வச்சு ரத்தத்தை விட்டுக்கிட்டேதான் செய்யணும். ஆப்பரேஷனுக்குப் புதன்கிழமை வாங்க."

டாக்டர் அறைச் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தில் வளையம் முழுசாக இருந்தது.

"எழுவது வருசமா ஓடுத தலையில குழாயே இல்லையாமே! எவன் படத்தையோ எங்கிட்ட காட்டுதீங்க," என்று எழுந்து வந்துவிட்டார்.

புதன்கிழமை போகவில்லை. பழைய படத்தைத் தோல் கட்டுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, செம்பூரில் வேறொரு ஸ்கேன் சென்டருக்குப் போனார். முன்னாடி எடுத்த படம் உண்டா என்று கேட்டார்கள்; இல்லவே இல்லை என்றார். கொடுத்தால் அதைப் பார்த்தே ரிப்போர்ட் எழுதிவிடுவான்களே.

"ஏன் வாப்பா பொய் சொல்லுதீங்க?" என்றாள் மகள் அதீபா.

"நீ வாயை மூடுளா."

புதுப் படம் வந்தது. தோலில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, அடியில் ட்யூப்லைட் போட்ட கண்ணாடி மேசை பட்டறையில் உண்டு. இரண்டு படத்தையும் அதன்மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் குனிந்தார். கோட்டுக்குக் கோடு ஒன்று. வளையம் விட்ட இடமும் ஒரே இடம்.

"சவத்து மூதி! ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லுதானுவ."

"பேசி வச்சிருப்பாங்களோ, வாப்பா?"

அவளை முறைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். அது டங்கென்று தரையில் விழுந்தது. விரல்கள் மடங்கவில்லை.

அதீபா டாக்டருக்குப் போனைப் போட்டாள். "உடனே கூட்டிட்டு வரச் சொல்லுதாங்க. இத்தனை நாளா எங்க போனீங்கன்னு கேக்காங்க."

"தோல் வாங்கப் போனேன்னு சொல்லு."

இடது கையால் படங்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அந்த ட்யூபை மறந்துறாம கழுத்துல வைக்கச் சொல்லுளா."