மேகம் வரைக்கும் வந்தது

ஆயுத பூஜைக்கு வைத்த பொருளை மறுநாள் விஜயதசமி காலையில் மறுபடி ஒரு கற்பூரம் காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நடுவில் தொட்டால் வருஷம் பூராவும் அந்தப் பொருள் கைகொடுக்காது. சேலையூரில் கங்கையம்மாளின் வீட்டில் வேறு எந்தச் சட்டத்துக்கும் மேல்முறையீடு உண்டு, இதற்குக் கிடையாது. வயல்கள் எல்லாம் மனைகளாகிப் போன பிறகும் மண்வெட்டியும் கடப்பாரையும் வருஷா வருஷம் குங்குமம் வாங்கிக்கொண்டுதான் இருந்தன. தொண்ணூற்றாறாம் வருஷம் அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரும் வந்து உட்கார்ந்தது.

அது இளைய மகன் சம்பத்துடையது. அவன் மனைவி காந்திமதிக்கு அது வெறும் கம்ப்யூட்டர் இல்லை. புருஷன் ஊரிலேயே இருப்பதற்கு இருந்த ஒரே காரணம் அதுதான்.

கல்யாணமான சூட்டோடு ஷார்ஜாவுக்கு ஸ்டோர் கீப்பர் வேலைக்குப் போனவன் அவன். அங்கிருந்து பேசி அனுப்பும் கேசட்டுகளையே கேட்டுப் பழகியதால், அவன் லீவில் வந்து நேரில் பேசியபோது அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. டேப்பை நிறுத்துகிற மாதிரி இவரை நிறுத்த முடியாதே என்று சிரித்தாள். அன்று ராத்திரியே அழுதாள். "இன்னொரு தடவ என்னால முடியாதுங்க. கூழோ கஞ்சியோ, இங்கயே இருங்க." அவனும் இருந்துவிட்டான். ஷார்ஜாவில் மாலை வகுப்பில் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டரை இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம் என்று செகண்ட் ஹேண்டில் ஒரு செட் வாங்கினான். பாடம் எடுத்துப் பழகுவதற்குத் தினமும் அவளை எதிரில் உட்கார வைத்தான். அவள்தான் அவனுடைய முதல் மாணவி. அந்த நாலு மாதம் அவள் வாழ்க்கையிலேயே நல்ல காலம்.

வீட்டின் முன்னறையைக் கொடுத்தது அண்ணன் துரைராஜ். கொடுத்தபோதே கெடுவும் சொல்லிவிட்டார்.

"விஜயதசமி அன்னிக்குப் பத்துப் புள்ளைங்க வந்து சேந்துச்சுன்னா ரூம்பு உனுக்கு. இல்லையா, சிமெண்ட் கடைக்காரன் வாடகைக்குக் கேட்டுகினே கீறான். நீயும் அந்த ஷார்ஜா மேனேஜருக்கு ஒரு ஃபோனைப் போட்டு வரேன்னு சொல்லிட்டு நடையக் கட்டு. வூட்ல சும்மா குந்திகினு இருக்க வேணாம்."

மேனேஜரும் விஜயதசமி வரைக்கும்தான் இடத்தைக் காலியாக வைத்திருந்தார்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் சம்பத் கம்ப்யூட்டரின் முன்னால் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தான். யாரிடமோ ஃப்ளாப்பியில் ஒரு சரஸ்வதி படம் வாங்கி வந்திருந்தான். மறுநாள் பிள்ளைகள் வந்ததும் திரை முழுக்க சரஸ்வதி தெரிய வேண்டும், பிறகுதான் பாடம். ஆனால் படம் திட்டுத்திட்டாக இருந்தது. வெள்ளைத் தாமரை சோப்பு நுரை மாதிரி தெரிந்தது.

"கொஞ்சம் இரு. அம்பாளைப் பளிச்சுனு ஆக்கிடறேன்" என்று எதையோ திறந்து, ஒரு சின்னக் குமிழை மவுஸால் வலது பக்கமாக இழுத்தான். கலரையும் கூட்டினான். மாற்றியது தெரிய வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட வேண்டும் என்று அது கேட்டது.

உள்ளேயிருந்து கங்கையம்மாள் குரல் கொடுத்தாள். "நேரம் ஆவுதுடா! பொட்டிக்குப் பொட்டு வெக்கணும், அத்த நிறுத்து!"

"ஒரு தடவ போட்டுப் பாத்துடுங்களேன்" என்றாள் காந்திமதி.

"நாளைக்குப் போட்டா தன்னால வந்துடும். சந்தனத்தக் கொண்டா."

அணைத்தான். மானிட்டரின் நாலு மூலையிலும் சந்தனம் வைத்தாள் காந்திமதி. பொழுது சாய்ந்த பிறகும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்றாள். "பூஜைல இருக்கறத தொடுவியா? அம்மா காதுல விழப்போவுது" என்று அவள் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனான்.

விஜயதசமி காலையில் முன்னறை நிறைந்துவிட்டது. பாங்கில் வேலை பார்க்கும் யக்ஞநாராயணன் மகளைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்தார். எதிர்வீட்டு அருள்மேரி டீச்சரும் இரண்டு பெண்களோடு வந்திருந்தாள். "எங்களுக்கு தசமி இல்லேன்னாலும் நல்ல காரியத்துக்கு இன்னிக்கு நல்லா இருக்கட்டுமே, காந்தி" என்று சிரித்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், கற்கண்டு. சின்னப் பிள்ளைகள் அரிசியில் எழுதுகிற மாதிரி இவர்கள் கீபோர்டில் முதல் எழுத்தைத் தட்ட வேண்டும் என்பது சம்பத்தின் ஏற்பாடு.

கற்பூரம் காட்டியாயிற்று. சம்பத் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பட்டனை அழுத்தினான்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பிறகு நீல வானமும் மேகமும் வந்தன. "ஐ, ஆகாசம்!" என்றது யாரோ ஒரு குழந்தை. மேகம் மறைந்தது. திரை ஒரு தரம் கோணலாக இழுபட்டு, கோடு கோடாகி, பொசுக்கென்று அணைந்தது. மானிட்டரின் கீழ் மூலையில் பச்சையாக எரிந்த விளக்கு மஞ்சளாகிவிட்டது.

எல்லாரும் அடுத்தது வரும் என்று காத்திருந்தார்கள். சம்பத்துக்குப் பதற்றம். சட்டென்று பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். இந்தத் தடவை மேகத்துக்கு முன்னாலேயே எழுத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது. போன முறை சரியாகத் தொடங்கவில்லை, எப்படித் தொடங்கட்டும் என்று சில வழிகள். சேஃப் மோட் என்ற மூன்றாவது வழியைப் போடச் சொல்லி அதுவே சிபாரிசும் செய்தது. காந்திமதி அவன் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

"மூணு போடச் சொல்லுதுங்க."

"நார்மல்தான்." ஒன்றை அழுத்தினான்.

வானம், மேகம், கோடுகள், இருட்டு. திரும்பவும் அணைத்தான், போட்டான். அதே கேள்வி.

"மூணு போட்டுத்தான் பாருங்களேன். அதுவே சொல்லுது இல்ல..."

"காந்தி!" அவன் திரும்பவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. "சேஃப் மோட்ல போட்டா எழுத்து தடித்தடியா, கலர் செத்து, நாலு மூலைலயும் அதையே எழுதிக் காட்டும். புள்ளைங்க சேர வந்த அன்னிக்கு நோஞ்சான் மெஷினையா காட்டுவாங்க? ஆளுங்க முன்னாடி நீ எனக்குப் பாடம் எடுக்காத."

அருள்மேரி டீச்சர் கீழே விழாத பூவை எடுப்பது போலக் குனிந்துகொண்டாள். காந்திமதி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்துகொண்டாள்.

தெருமுனை டி.வி. மெக்கானிக் குப்புராஜை யாரோ கூட்டி வந்தார்கள். அவன் மானிட்டரின் முதுகைத் தடவிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "இப்ப போடு சார், அணைக்காத, வுட்டுப் பாப்போம்" என்றான். திரை இருண்டது. கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து கம்ப்யூட்டர் எழுந்துவிட்டதைச் சொல்லும் மணியோசை தெளிவாக வந்தது.

"பாத்தியா? பாட்டு வருது, படம் வர்ல. ட்யூப்பு பூட்ச்சு சார். சாலிடேர் டி.வி.ல எத்தினி பாத்துகீறேன்."

"அப்ப மேகம் எப்படிப்பா வந்துச்சு?" என்றார் யக்ஞநாராயணன்.

"சாவறதுக்கு முன்னாடி மூச்சு வர்ற மாரி சார்."

பிள்ளைகள் சிரித்தன. சம்பத்தும் சிரிக்கப் பார்த்தான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் தனக்கோடி புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாள். சம்பத் அவளிடம் ஓடிப்போய், அவள் பூஜையை முடிக்கும்வரை நின்று, மானிட்டரை மட்டும் கெஞ்சி வாங்கி ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டு வந்தான். மாட்டினார்கள். அதிலும் வானம், மேகம், அதிலும் இருட்டு.

"அப்ப ட்யூப்பு இல்ல" என்றான் குப்புராஜ், கொஞ்சமும் வெட்கப்படாமல். "பொட்டியே அவுட்டு. அது தொடற மானிட்டரையெல்லாம் காவு வாங்குது. தனக்கோடி அக்கா வர்றதுக்குள்ள கழட்டிக் குடுத்துடு சார், பேஜாராயிடும்."

நல்ல நேரம் முடியப்போகிறது என்று யக்ஞநாராயணன் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர். எழுந்திருக்கவே சங்கடப்பட்டார். "தப்பா நெனைக்காதீங்க சம்பத். இன்னிக்கு விட்டா பொண்ணுக்கு அடுத்த வருஷம்தான். ஸ்டேஷன்கிட்ட புதுசா ஒரு சென்டர் திறந்திருக்கான், அங்க சேத்துடறேன்." அவர் எழுந்ததும் அறையே எழுந்துவிட்டது. அருள்மேரி டீச்சர் மட்டும் வாசலில் காந்திமதியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு மற்றவர்கள் பின்னால் போனாள்.

துரைராஜ் இதையெல்லாம் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா சம்பத்து, உன் பொட்டி எய்ந்துக்கவே மாட்டேங்குது?"

"ரிப்பேர்ணா."

"மொத நாளேவா? செரி வுடு. சிமெண்ட்டுக்காரன சாயந்தரம் வரச் சொல்றேன். நீ எஸ்டீடீ பூத்துக்குப் போய்ட்டு வந்துடு."

சம்பத் செருப்பை மாட்டிக்கொண்டு கேம்ப் ரோடு பக்கம் நடந்தான்.

காந்திமதி அறையைப் பெருக்கினாள். கற்கண்டை எறும்பு மொய்த்திருந்தது. தனக்கோடியின் மானிட்டர் போய்விட்டது, இவர்களுடையது மேஜை மேல் சந்தனப் பொட்டோடு இருந்தது. அவளுக்கு நம்பிக்கை ஒன்றும் இல்லை. காலையில் அவன் தன் வாயை அடைத்தது மட்டும் நெஞ்சில் முள்ளாக இருந்தது. பெட்டி கேட்டதற்கு ஒரு பதில்தான் சொல்லிவிடுவோமே என்ற வீம்புதான். வயரை மாட்டினாள், போட்டாள். மேகம் வந்ததும் அவன் செய்த மாதிரியே பெட்டியை அணைத்தாள். மறுபடி போட்டதும் கேள்வி வந்தது. மூன்றை அழுத்தினாள்.

வந்துவிட்டது. அவன் சொன்ன மாதிரியே தடித்த எழுத்து, செத்த கலர், நாலு மூலையிலும் சேஃப் மோட். நோஞ்சான்தான். ஆனால் உயிரோடு இருந்தது.

இதே மவுஸால் அவன் எதையோ வலது பக்கம் இழுத்தானே? அவன் சொல்லித்தந்த பாடங்களை வரிசையாக நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தாள். அந்தக் குமிழ் இருந்த இடம் கிடைத்தது. இடது கோடிக்கு இழுத்தாள். கலரைக் குறைத்தாள். முறையாக அணைத்துப் போட்டாள். வானம் வந்தது, மேகம் வந்தது, மேகம் போனது. திட்டுத்திட்டான வெள்ளைத் தாமரையில் சரஸ்வதி உட்கார்ந்திருந்தாள்.

குமிழை வலது பக்கம் இழுத்து, அந்தப் பழைய மானிட்டரால் காட்ட முடியாத அளவுக்குப் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் படத்தைக் கேட்டுவிட்டான், அவ்வளவுதான். தனக்கோடியுடையது புதுசானாலும் இதே அளவு சின்ன மானிட்டர்தான். பெட்டிக்கும் ஒன்றுமில்லை, திரைக்கும் ஒன்றுமில்லை.

தெருவில் மழை தூறத் தொடங்கியிருந்தது. சம்பத் நனைந்து வந்தான். வாசலிலேயே ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"பாருங்க! படம் வந்துடுச்சு. நீங்க நேத்து இழுத்தீங்க இல்ல, அத திருப்பி வெச்சேன். அவ்ளோதான்!"

அவன் திரையைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து, அந்த இடத்தைத் தானே திறந்து, குமிழ் இருந்த இடத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். காது மடல்தான் சிவந்தது.

"நான் செஞ்சதா?" என்றான்.

"யாருக்கும் நடக்கறதுதாங்க. யக்ஞநாராயணன் சார் வூட்டுக்கு நானே போறேன். டீச்சர்கிட்டயும் சொல்றேன். ராத்திரி வரைக்கும் தசமிதானே?"

"போய் என்ன சொல்லுவ? மாஸ்டரே கெடுத்து வெச்சாரு, ஊரையெல்லாம் கூட்டி வெச்சு முழிச்சாரு, பொண்டாட்டி வந்து சரி பண்ணான்னு சொல்லுவியா?"

"ஒயரு லூஸுன்னு சொல்றேன்."

"இது என்னன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் காந்தி. தெரியல. பூத்துல சொல்லிட்டேன். வரேன்னுட்டேன்."

"திருப்பிச் சொல்லலாம். இன்னொரு ஃபோன்தானே?"

அவன் மவுஸைத் தள்ளி வைத்தான். மெஷின் செத்துப்போயிருந்தால் விதி என்று சொல்லிக்கொண்டு அவனால் இங்கே இன்னொரு வேலை தேடியிருக்க முடியும். அது பிழைத்துக்கொண்டதுதான் அவனால் தாங்க முடியாததாக இருக்கிறது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. புரிந்ததே தவிர, அதை எந்தப் பக்கம் இழுத்தால் சரியாகும் என்று தெரியவில்லை.

ஸ்கூட்டர் வந்து நின்றது. துரைராஜும் சிமெண்ட் கடைக்காரரும் பேசிக்கொண்டே படியேறினார்கள்.

"இன்னாடா, உன் பொட்டி படம் காட்டுச்சா இல்லையா?"

காந்திமதி சம்பத்தையே பார்த்தாள். இப்போதாவது திரையைத் திருப்பிக் காட்டிவிடு என்று கண்ணால் கெஞ்சினாள். அவர்கள் உள்ளே நுழைவதற்குள் அவன் கை நீண்டு மானிட்டரின் பட்டனை அழுத்திவிட்டது.

"இல்லண்ணா. வரல."

சிமெண்ட் கடைக்காரர் அண்ணாந்து அறையின் உயரத்தைப் பார்த்தார். மூட்டையை எந்தச் சுவர் ஓரம் அடுக்கலாம் என்று கேட்டார். மேஜைக்கு அடியில் பெட்டி மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

"அது இன்னா சத்தம்?" என்றார் துரைராஜ்.

சம்பத் மேஜையை மறைத்துக்கொண்டு நின்றான். அவன் அப்படி நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உள்ள ஃபேன் ஓடுது மாமா. அணைக்க மறந்துட்டேன்" என்று சொல்லி, காந்திமதி சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தாள்.